கண்ணாடி இழையில் ஒரு கேள்வி

திரையில் அந்த இளைஞனின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தபடி நின்றுபோயிருந்தன. வலது கை முழுதாக இருந்தது. இடது கை சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து சட்டையின் நிறத்தோடு கலந்து கிடந்தது. பின்னால் ஒரு தென்னை மரமும், கொடியில் காயும் ஒரு துண்டும் தெரிந்தன.

செலின் தன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த படம் அது. என் முகத்துக்கு நேரே நீட்டி, அந்த உடைந்த கையை நகத்தால் தட்டித் தட்டிக் காட்டினாள். பிறகு தன் கைகளையும் அதே போலத் தூக்கி, அசையாமல் நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“வீடியோ நின்னு போவுதுங்குறா தம்பி,” என்றார் அவளுடைய அம்மா ரோஸ் அக்கா. “மத்த நேரம் ஹால்ல டிவி நல்லாத்தான் ஓடுது. இவ அந்தப் பையன்கிட்ட பேசுறப்பதான் இப்படி. முன்ன லைன் பாக்க வந்த ரெண்டு பேரும் லைன் ஓகே லான்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.”

செலினுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. படத்தில் இருந்த பிரான்சிஸுக்கும் அப்படியே. பாகான் டத்தோ பக்கத்துப் பையன், தேங்காய் நார்த் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்த சம்பந்தம். நமக்கெல்லாம் படம் நின்றாலும் குரல் வரும், ‘கேக்குது, நீ சொல்லு’ என்று சமாளித்துவிடுவோம். கையால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும்.

“சரி அக்கா, பாத்துருவோம்,” என்றேன். எல்லா வீட்டிலும் நான் சொல்கிற வார்த்தை அது. தைரியம் இல்லாதபோது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

ஒன்பதாவது கட்டை

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில், சுண்ணாம்புக் குன்றுகள் நம்மோடு கூடவே வருகிற ஓரிடத்தில், இடது பக்கம் ஒரு செம்மண் பாதை பிரியும். ஒன்பதாவது மைல் என்பதை ஜனங்கள் இன்னும் ஒன்பதாவது கட்டை என்றுதான் சொல்கிறார்கள். தோட்டம் போய்விட்டது. ரப்பர் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டு வரிசையாகச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கைப்பேசிச் சிக்னல் அங்கே ஒரு கோடு வரும், போகும். தரைவழியாக ஃபைபர் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் முகம் பார்த்துப் பேசவே முடிந்தது.

அன்று சனிக்கிழமை. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. குன்றுகளின் இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டு, மேலே இருந்த மரங்கள் மட்டும் தரையில்லாமல் மிதந்தன. அப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால் நான் வேறு ஆளாகிவிடுவேன். இந்தச் சாலைக்கு அடியில், தலைமுடி கனமே உள்ள கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன். யாரோ மகளுக்குச் சொல்லும் பிறந்தநாள் வாழ்த்து, யாரோ பார்க்கும் மீன் குழம்பு வீடியோ, யாருடைய சண்டையோ, எல்லாம் என் வேனின் சக்கரத்துக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. இப்படி யோசித்தே திரும்ப வேண்டிய முனையைப் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

“நீங்க வேலைக்குப் போறீங்களா, கனா காணப் போறீங்களா?” என்பாள் என் மனைவி. இரண்டுக்கும்தான் போகிறேன்.

அந்த வெளிச்சத்தை அளக்க என்னிடம் கையடக்கமாக ஒரு மீட்டர் உண்டு. அது காட்டுவது மைனஸ் எண். மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற வெளிச்சம் மங்குகிறது என்று பொருள். இருபத்திரண்டு என்றால் நலம். இருபத்தேழைத் தாண்டினால் மூச்சுத் திணறல். படம் நிற்கும், உடையும், விட்டு விட்டு வரும்.

செலினின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி. அலமாரி மேல்தான் ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி இருந்தது. நான் உள்ளே போனதும் ரோஸ் அக்கா கதவை அகலத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னை முட்டுக் கொடுத்தார். வயதுப் பெண்ணின் அறைக்குள் ஓர் ஆண் வேலையாக வந்தால் எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். என் மனைவியும் இதையேதான் செய்வாள்.

பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றினேன். முனையை ஸ்பிரிட் தாளால் துடைத்தேன். மீட்டரில் செருகினேன். மைனஸ் இருபத்திரண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே போய்க் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்தேன். எறும்பு இல்லை, ஈரம் இல்லை. அங்கேயும் நல்ல எண். ஹாலில் சுவரோரமாக வந்த வெள்ளைக் கேபிளைக் கண்ணால் தடவிக்கொண்டே நடந்தேன். கதவு நிலையின் கீல் பக்கத்து இடுக்கு வழியாக அறைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப். அவ்வளவு சுத்தமான வேலை.

“யாரு அடிச்சது இது?”

“அவ அப்பாதான்,” என்றார் ரோஸ் அக்கா, செலினைக் காட்டி. செலினின் அப்பா அந்தோணி அண்ணன் வெளியே சிமெண்டுத் தரையில் குந்தி, தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஃபிட்டர். கல்யாண வீடு என்பதால் வாசல் முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை.

காதர் பாயின் அழகு

வெளிச்சம் குறைவதற்குக் காரணங்கள் பெரிய விஷயங்களாக இருக்கும் என்றுதான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நினைத்தேன். அதற்கு முன் நான் செம்புக் கம்பியில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்தில் பழுதைக் காதால் பிடிப்போம். போனை எடுத்தால் கம்பிக்குள் ஓயாத தைப்பிங் மழை சொரசொரவென்று கேட்கும். எந்த இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கண்ணாடிக்குள் சத்தமே இல்லை. முதல் வருடம் எனக்கு அனாதையாக விட்ட மாதிரி இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, இந்த வெளிச்சத்துக்கு எதிரிகள் எல்லாம் சின்னச் சின்ன ஆட்கள். முனையில் ஒட்டிய ஒரு தூசி போதும். ஒரு வளைவு போதும். கண்ணாடி இழையை இறுக்கி மடித்தால் அது உடையாது. வெளிச்சம் மட்டும் வளைவில் வெளியே வழிந்துவிடும். லாரி வளைவில் திரும்பும்போது மூட்டை சரிகிற மாதிரி.

ஈப்போ பழைய நகரத்தில் காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. அங்கே ஒருமுறை இணையம் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால், கல்லாவுக்குப் பின்னால் மிச்சக் கேபிளை ஒரு ஆணியில் சுற்றி, முறுக்கி, ரப்பர் பேண்டுகளால் கட்டி வைத்திருந்தார். பரோட்டா மாவு உருட்டி வைத்தது போல அத்தனை ஒழுங்கு.

“பாய், இதான் வியாதி.”

“என்ன தம்பி சொல்றே? எவ்ளோ அழகா கட்டி வச்சிருக்கேன் பாரு!”

“அழகுதான் பாய் பிரச்சன.”

அவிழ்த்து விட்டதும் எண் ஏழு புள்ளி தேறியது. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடப் போனேன். ஒழுங்காக இல்லாத கேபிளைப் பார்க்கப் பொறுக்காமல், அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டி மறைத்திருந்தார்.

செலின் வீட்டில் அப்படி ஆணி இல்லை, சுருள் இல்லை. பையை மூடினேன்.

நாளைக்கு ஓலை

செலின் வாசல்படியில் வந்து குறுக்கே நின்றாள். கையால் என்னவோ சொன்னாள். வேகமாக, கோபமாக.

“அந்தப் பையன்கிட்ட என்னமோ கேக்கணுமாம்,” என்றார் ரோஸ் அக்கா.

செலின் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சுருக்கிவிட்டார் என்று தெரிந்ததும் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“சரிடி, சொல்றேன்.” அக்காவுக்குக் கூச்சம். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “இந்தக் கல்யாணத்துக்கு அவரா விரும்பித்தான் ஒத்துக்கிட்டாரா, இல்ல வீட்டுல சொன்னாங்கன்னு தலையாட்டுனாரா. அதக் கேக்கணுமாம். கேட்டுப் பாத்துட்டா. ஒவ்வொரு வாட்டி கேக்குறப்பவும் படம் நின்னு போவுது. கேள்வி புடிக்காம அவரே நிறுத்துறாருன்னு இவ நெனைக்கிறா.”

“மெசேஜ்ல கேக்கலாமே?”

இதற்குச் செலினே பதில் சொன்னாள், அக்கா குரல் கொடுத்தார். “அவருக்கு எழுத்து சுசா, கஷ்டம். அவரோட அக்காதான் அடிச்சுக் குடுக்குது. எழுத்து யாரு வேணா எழுதலாம், கை அவரோடதுங்குறா.”

“நேர்ல பாத்தப்ப?”

“நேர்ல வந்தா பத்து பேரு சுத்தி நிக்குறோம் தம்பி. இதுங்க கைய ஆட்டுனா எல்லாருக்கும் வேடிக்க. எப்படிப் பேசும்?”

மறுநாள் ஞாயிறு பூசையில் முதல் ஓலை. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சாமியார் பீடத்தில் நின்று மாப்பிள்ளை பெண் பெயரைச் சபைக்கு வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். வாசித்துவிட்டால் ஊர் அறிந்த கல்யாணம். அதன் பிறகு பின்வாங்குவது லேசில் ஆகாது.

“இன்னிக்குப் பதில் வராட்டி, நாளைக்கு இவளே போயி ஃபாதர் முன்னாடி நின்னு ஓலைய நிறுத்தச் சொல்லுவாளாம். செய்யக்கூடிய ஆளுதான். எல்லாருக்கும் சொல்லியாச்சு தம்பி, மானமே போயிரும்.” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

செலின் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ‘லைன் ஓகே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலில்லாமல் கல்யாணம் செய்துகொள் என்று நான் சொல்வது போல ஆகிவிடும். பையை மறுபடி திறந்தேன்.

“அக்கா, ஒன்னு செய்வோம். அவர்கிட்ட பேசுறப்ப எப்படி உக்காருமோ, அப்படியே உக்காரச் சொல்லுங்க.”

செலின் உடனே உள்ளே போனாள். கைப்பேசியை மேசையில் ஒரு கப்பின் மேல் சாய்த்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரப் போனவள் நின்று, எங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் டின்னைக் காலால் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தும் பாவனையாகக் கையை அசைத்தாள்.

“ஏய், சாத்தக் கூடாது. ஆளு வந்திருக்காங்க இல்ல?”

“பேசுறப்ப கதவச் சாத்திக்குமா அக்கா?”

“சாத்திக்குவா. தொறந்து வச்சா அவ கையப் பாத்து நாங்க எல்லாம் கண்டுபிடிச்சிருவோம்ல.”

நான் அந்தக் கதவையே பார்த்தேன். நாம் ரகசியம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவளுக்குத் தாழ்த்த ஒன்றுமில்லை, கதவு ஒன்றுதான் உண்டு. நானும், முன்னே வந்தவர்களும், எல்லோரும் மரியாதைக்காகத் திறந்து வைத்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே அளந்திருக்கிறோம்.

பச்சை மிளகாய்ச் செடி ஓரம்

மீட்டரைக் கேபிளில் மாட்டி அவள் கையில் கொடுத்தேன். எண் தெரியும் இடத்தைக் காட்டினேன். நான் வெளியே போய் ஜன்னலுக்கு நேரே, மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ரோஸ் அக்காவும் என்னோடு வந்து நின்றார், மானத்துக்குக் காவலாக.

கண்ணாடிப் பட்டைகளுக்கு அந்தப் பக்கம் செலின் விரல்களைக் காட்டினாள். இரண்டு. இரண்டு. தலையாட்டினேன். அவள் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தாள். முகம் மாறியது. ஒரு கையில் இரண்டு விரல் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒரே ஒரு விரலை மடக்கி, ஒன்பது காட்டினாள்.

மைனஸ் இருபத்தொன்பது.

என்னிடம் சிவப்பு விளக்குப் பேனா ஒன்று உண்டு. அதை இழையின் முனையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு உள்ளே ஓடும்; எங்கே வழிகிறதோ அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அதை ஜன்னல் வழியாக நீட்டி, எங்கே மாட்டுவது என்று சைகை காட்டினேன். மாட்டினாள். மழை மேகம் மறுபடி வந்து அறை இருட்டியிருந்தது. சாத்திய கதவின் கீல் பக்கத்தில், வெள்ளைக் கேபிளின் தோலுக்குள், ஒரு சிவப்புப் பொட்டு பூத்தது.

செலின் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை அருகே கொண்டுபோனாள். விரல் நுனி சிவந்தது. எத்தனையோ பழுதுகளைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அழகான பழுதைப் பார்த்ததில்லை. நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

கதவு திறந்திருக்கும்போது கீல் பக்கத்து இடுக்கு விரிந்திருக்கும். கேபிள் சுகமாக இருக்கும். சாத்தினால் இடுக்கு மூடி, கேபிளை நசுக்கி மடிக்கும். பேச்சு தொடங்கிய புதிதிலும் படம் இப்படித்தான் நின்றதா என்று கேட்டேன். ரோஸ் அக்கா சொன்னார்.

“அப்ப நல்லாத்தான் வந்துச்சு. ரூமுக்குக் கதவே இல்ல தம்பி, திரச்சீலதான். புள்ள தனியா பேசட்டும்னு இவரு பழைய வீடு இடிக்கிற எடத்துல போயி இந்தக் கதவ வாங்கிட்டு வந்து மாட்டுனாரு.”

தூரிகையோடு வந்து நின்ற அந்தோணி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்தச் சிவப்புப் பொட்டு மறைந்து தோன்றுவதைப் பார்த்தார்.

“நான் மாட்டுன கதவுதானா?” என்றார்.

“கதவு நல்ல கதவுண்ணே. கேபிள் போற வழிதான் கொஞ்சம் மாத்தணும்.”

அவர் போய்த் தன் சொந்த டிரில்லைக் கொண்டுவந்தார். புதுப் பெயிண்டு அடித்த சுவரில், நிலைக்கு மேலே, தானே ஒரு ஓட்டை போட்டார். நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கேபிளை அந்த வழியாக விட்டேன். கதவைச் சாத்தி அளந்தோம். மைனஸ் இருபத்திரண்டு.

கைகள் பேசும் சத்தம்

செலின் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்தோம். நான் கிளம்பியிருக்கலாம். மறுபடி படம் நின்றால் பார்க்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். ரோஸ் அக்கா பால் விடாத தேநீர், தே ஓ, கொண்டுவந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

கையால் பேசும் பேச்சுக்குச் சத்தமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்டு. வளையல் உரசும். உள்ளங்கையில் உள்ளங்கை தட்டும். நாற்காலி நகரும். செம்பனை மட்டைகளில் மழைத்துளி விழத் தொடங்கி, அதற்கு நடுவே அந்தச் சின்னச் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு தரம் வளையல் சத்தம் முழுதாக நின்றது. ரோஸ் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் என் மீட்டரைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து வளையல் மெதுவாக, ஒரே ஒரு தரம் அசைந்தது.

கதவு திறந்தது. செலின் வந்து அம்மாவின் முன்னால் நின்று கைகளால் சொன்னாள். இப்போது வேகமில்லை. அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்றா?” என்றார் அந்தோணி அண்ணன்.

“வீட்டுல போட்டோவக் காட்டுனாங்க, தலையாட்டுனேன்னு சொல்லிட்டாராம்.”

“அப்படின்னா?”

“அப்புறம் இவளத் திருப்பிக் கேட்டாராம். உனக்குச் சம்மதமான்னு.” அக்காவின் குரல் இறங்கியது. “இவளுக்குப் பதில் வரலயாம். இதுவரைக்கும் யாரும் அவளக் கேக்கவே இல்லங்குறா.” உடனே மகள் பக்கம் திரும்பி, சத்தமாக, காது கேட்கிறவளிடம் சொல்வது போலச் சொன்னார். “கேக்காம என்னடி? போட்டோவக் காட்டுனோம்ல? நீ சிரிச்சேல்ல?”

செலின் இல்லை என்று தலையசைத்தாள். சிரிப்பது பதில் இல்லை என்பது எனக்கே புரிந்தது.

அந்தோணி அண்ணன் எழுந்தார். இத்தனை வருடமும் மனைவியை நடுவில் வைத்தே மகளோடு பேசி வந்தவர் அவர்; ஆலைச் சத்தத்திலும் இயந்திரங்களிலும் காலம் போய்விட்டது, கைப் பேச்சு படியவில்லை. பெயிண்டு ஒட்டிய கைகளைத் துணியில் துடைத்தார். மகளுக்கு எதிரே நின்றார். அவளை ஒரு விரலால் காட்டினார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. ரோஸ் அக்கா சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, அவள் நெஞ்சைக் காட்டி, கையை மல்லாத்தி நீட்டினார். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத சைகை. கேள்வி என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

செலின் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் அழாதவள் அப்போது அழுதாள். அழுதுகொண்டே மெதுவாக, அவருக்குப் புரியும்படி, ஒவ்வொரு சைகையாகச் செய்தாள். தெரியல. அவரும் நானும். இன்னும் பேசணும்.

“தெரியலங்குறா,” என்று ரோஸ் அக்கா தொடங்கினார்.

“எனக்குப் புரியுது,” என்றார் அவர்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் நிற்கிற வெள்ளைப் பெட்டிக்குப் பக்கமாக அறைக்குள் போய் நின்று, கோயிலுக்கு அழைத்தார். மறுமுனை எடுக்கும்வரை முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஃபாதர், ஒன்பதாவது கட்ட அந்தோணி பேசுறேன். நாளைக்கு எங்க ஓலைய வாசிக்க வேணாம் ஃபாதர்.” கொஞ்சம் கேட்டார். “இல்ல ஃபாதர், சண்ட ஒன்னும் இல்ல. யாரும் வேணாங்கல.” திரும்பி மகளைப் பார்த்தார். “புள்ளைங்க இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்குதுங்க.”